மாடுகளுக்குச் சம்பந்தி உபசாரம்

மட்டாஞ்சேரியில் ஒரு சபை ஆரம்பிக்கக் காரணம் ஒன்றும் வேண்டாம், காலியாக ஒரு கட்டடம் இருந்தால் போதும். இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில் பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கு காலியாயிற்று. அதே சமயம் வடக்கேயிருந்து சிந்தி மாடுகளை ரயிலேற்றிக் கொச்சித் துறைமுகத்து ஐலண்டில் கொண்டுவந்து இறக்கி, பால் விற்றுப் பிழைக்கும் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுப்பது என்று ஓர் ஏற்பாடு வந்தது. நாள்கணக்காகச் சரக்கு ரயில் வாகனில் நின்றுகொண்டே வந்த மாடுகள் எலும்பும் தோலுமாய் இறங்கின. கிடங்கையும் மாடுகளையும் ஒரே நாளில் கேள்விப்பட்ட ரிட்டயர்டு தாசில்தார் ராமபத்ரய்யருக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை. மறுநாளே ‘தூரயாத்திரைக் கால்நடை ஆசுவாச சபை’ பிறந்துவிட்டது. தலைவர் அவர்தான் என்று சொல்லவேண்டியதில்லை.

ராமபத்ரய்யருக்கு மாட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அது பால் தரும் என்பது மட்டுமே. ஆனால் தூரத்திலிருந்து ரயிலில் வருகிறவர்களைப் பற்றி நிறையத் தெரியும். அவருடைய மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குச் சம்பந்தி வீட்டார் பம்பாயிலிருந்து வந்து இறங்கியபோது ஸ்டேஷனில் காபி கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அந்தக் கோபம் பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் தணியவில்லை. அதிலிருந்து அவர் ஒரு தத்துவம் கண்டுபிடித்து வைத்திருந்தார். முதல் கமிட்டியில் அதை வெளியிட்டார்.

“நெடுந்தூரம் ரயில்ல வந்து, களைப்பா நம்ம வாசல்ல இறங்கி, எதைக் குடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கறது யாரு? சம்பந்தியாக்கும். சம்பந்தியை எப்படி சமாதானம் பண்ணணும்னு நமக்கு ஒருத்தன் வந்து சொல்லித்தரணுமா? மாடுன்னு நெனைச்சாத்தான் தப்பு வரும். சம்பந்தின்னு நெனைச்சுட்டா ஒரு தப்பும் வராது, கேட்டேளா!”

எல்லோரும் கைதட்டினார்கள். மாதர் பிரிவுத் தலைவி லோகாம்பாள் மட்டும், ஆடி மாசத்தில் சம்பந்தி உபசாரம் கூடுமா என்று ஒரு சந்தேகம் கேட்டாள். மாடுகளுக்குப் பஞ்சாங்கம் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. செகரட்டரி வாஞ்சிநாதன் இரண்டையும் தீர்மானமாக எழுதிக்கொண்டார்.

சம்பந்தி என்று முடிவான பிறகு சமையல்காரன் இல்லாமல் ஆகுமா? வெங்கிட்டுவைத் தேடிக்கொண்டு போனார்கள்.

வெங்கிட்டு பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து கொச்சியோடு கொச்சியாகிவிட்ட கல்யாணச் சமையல்காரன். எர்ணாகுளத்திலிருந்து இடக்கொச்சி வரைக்கும் எந்தத் தமிழ் வீட்டில் தாலி கட்டினாலும் அடுப்பங்கரையில் அவன்தான் நிற்பான். ஆனால் ஆடியில் யார் தாலி கட்டுகிறார்கள்? கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன், வாஞ்சிநாதன் குடையோடு வாசலில் நின்றதும், யாருக்கோ அவசரக் கல்யாணம் என்று சந்தோஷப்பட்டு எழுந்தான்.

“எத்தனை இலை சார்?”

“மாடு எத்தனையோ அத்தனை இலை.”

வெங்கிட்டு தன் காதைக் குடைந்துகொண்டான். வாஞ்சிநாதன் விஷயத்தைச் சொன்னார்.

“மாட்டுக்கு இலை போட்டா முதல்ல இலையைன்னா தின்னுடும்?”

“அதை சப் கமிட்டி யோசிச்சாச்சு. முதல்ல பரிமாறறது. அப்புறம் இலை போடறது.”

வெங்கிட்டு சிரிக்கலாமா என்று பார்த்தான். வாஞ்சிநாதன் முகத்தில் அதற்கு அனுமதி இல்லை.

“மாட்டுக்கு அரிசியும் வெல்லமும் ஆகுமோ சார்? எனக்கு அதொண்ணும் அறியாது.”

“உனக்கு அறியாதுன்னு நன்னா அறிஞ்சுண்டுதான் கூப்பிடறோம். அறிஞ்சவாளைக் கூப்பிட்டா ஆயிரம் சொல்லுவா. நீ பேசாம நொய்யரிசியில பாயசம் வை. நெய், முந்திரி ஒண்ணும் வேண்டாம். மாட்டுத் தரம் மதி, அது போறும்.”

அடுப்பு மூட்டாமல் இருந்து இருந்து கை பரபரத்துக்கொண்டிருந்த வெங்கிட்டு சரி என்று சொல்லிவிட்டான். அந்தச் சரியைப் பிற்பாடு எத்தனையோ தரம் திரும்ப விழுங்கப் பார்த்தான், முடியவில்லை.

மாடுகள் வந்த அன்று மழை கொட்டியது. ஐலண்டிலிருந்து அவற்றைத் தோப்பும்படிப் பாலத்தின் வழியாக நடத்திக் கூட்டிவந்தார்கள். பாலத்தின் இந்தக் கரையில் நாதஸ்வரம், தவில், பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணம் எல்லாம் தயாராக நின்றன. ரயிலின் சத்தத்தை இத்தனை நாள் கேட்டு அலுத்த மாடுகள் தவிலின் சத்தத்தைக் கேட்டதும் வந்த வழியே திரும்ப ரயிலுக்கே போகப் பார்த்தன. இழுத்துப் பிடித்து நிறுத்தினார்கள். லோகாம்பாள் குடைக்கடியில் நின்று ஆலத்தட்டைச் சுற்ற ஆரம்பித்தாள். முதலில் நின்ற சிவப்புப் பசு, சினையானது, விலாவெல்லாம் எண்ணிவிடலாம் போல இருந்தது. அது தட்டை ஒரு தரம் பார்த்தது. கழுத்தை நீட்டி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆலத்தை ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டது.

“ஐயையோ, ஆலத்தைக் குடிச்சுடுத்து!” என்று லோகாம்பாள் அலறினாள்.

“நல்ல சகுனம். சம்பந்தி மரியாதையை ஏத்துண்டாச்சு” என்றார் ராமபத்ரய்யர்.

அதற்குத் தாகம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் நின்ற வெங்கிட்டுவுக்குத் தோன்றியது. ஆனால் சமையல்காரன் பந்திக்கு முன்னால் பேசக்கூடாது என்று பழகினவன் அவன்.

கிடங்கு வாசலில் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி ததும்பிக்கொண்டிருந்தது. மாடுகள் அதைப் பார்த்துவிட்டன. ஆனால் தொட்டியைத் திறந்துவைக்க வேண்டிய பெரிய மனிதர் எர்ணாகுளத்தில் படகுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவர் வந்து நாடாவை வெட்டுகிறவரை ஒரு மாடும் தொட்டியில் வாய் வைக்கக்கூடாது என்று நாலு ஆட்கள் கம்போடு நின்றார்கள். மாடுகள் ஒன்றின் முதுகை ஒன்று நக்கி, வழிந்த மழைத் தண்ணீரைக் குடித்தன. பெரிய மனிதர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். உடனே வெட்டிவிட முடியுமா? ராமபத்ரய்யர் வரவேற்புரை நிகழ்த்தினார்.

“இந்தத் தொட்டியில இருக்கறது வெறும் வெள்ளம்னு யாரும் நெனைக்கப்படாது. இது நம்ம உழைப்பாக்கும். வெள்ளம் மாடு குடிச்சா தீந்துபோயிடும். ஆனா திறந்து வெச்சது தீராது. அதனாலதான் குடிக்கறதுக்கு முன்னால திறக்கறோம். இந்த மாடுகள் எவ்வளவு பொறுமையா என் பேச்சைக் கேக்கறதுகள் பாருங்கோ! என் சர்வீஸ்ல ஒரு கூட்டத்துலகூட ஜனங்கள் இப்படிக் கேட்டதில்லை.”

வாசல் கம்பிக்கு வெளியே, கையில் ஒரு புதுக் கயிற்றோடு நனைந்துகொண்டு நின்றாள் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் போன பிறகு ஒரு மாட்டை வைத்துப் பால் விற்று இரண்டு பெண்களை வளர்த்தாள். அந்த மாடும் போன பிறகு தோப்பும்படியில் ஒரு சாயாக்கடையில் பாத்திரம் தேய்த்தாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரலிடுக்கெல்லாம் வெந்துபோயிருந்தது. ஆலத்தைக் குடித்த அந்தச் சிவப்புப் பசு அவள் பேருக்கு வந்தது. ஆனால் ஆசுவாசமாகிவிட்டது என்று சபை சொல்லுகிறவரை மாடு சபையின் விருந்தாளி. அதுவரை அவள் தொடக்கூடாது, பார்க்கலாம்.

அதற்கப்புறம் ஆசுவாசம் தொடங்கியது. கிடங்கில் நிசப்தம் வேண்டும் என்று வாஞ்சிநாதன் ஒலிபெருக்கி வைத்து, “சத்தம் போடாதீர்கள், மாடுகள் ஓய்வெடுக்கின்றன” என்று ஓயாமல் அறிவித்தார். ஓய்வு சப் கமிட்டி என்று ஒன்று முறைபோட்டு வந்து மாடுகள் ஓய்வெடுக்கின்றனவா என்று பார்த்தது. படுத்திருக்கும் மாடு ஓய்வெடுக்கிறதா, எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் எப்படித் தெரியும்? எழுப்பிப் பார்த்தால்தானே தெரியும்? எழுப்பிப் பார்த்தார்கள். எழுந்த மாடு ஓய்வெடுத்த மாடு என்று எழுதிக்கொண்டு, அடுத்த மாட்டை எழுப்பப் போனார்கள். மாதர் பிரிவு லாலி பாடியது. அசை போட ஆரம்பித்த மாடெல்லாம் பாதியில் நிறுத்தின.

வெங்கிட்டு கிடங்கின் பின்புறத்தில் கோட்டையடுப்பு போட்டு நொய்யும் உருண்டை வெல்லமும் கிண்டினான். வெல்லத்தில் கல்லும் மண்ணும் இருந்தது. மாட்டுத் தரம். கமிட்டிக்காரர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தது பேச்சியம்மாள்தான், பின்ஜன்னல் வழியாக.

“சாமி, எம் மாட்டைப் பாத்தீயளா? எப்படிக் கெடக்கு?”

“கிடக்க எங்கே விடறா? நின்னுண்டிருக்கு.”

“அது சினைமாடுல்லா. வவுறு ஒட்டிக் கெடக்கு. அதுக்கு மட்டும் கூடக் கொஞ்சம் போடுங்க சாமி. ஒங்க கைக்குப் புண்ணியமாப் போவும்.”

கல்யாணங்களில் இந்த மாதிரி ரகசியச் சிபாரிசு வெங்கிட்டுவுக்குப் புதிதல்ல. பெரியம்மாவுக்குக் கூட ரெண்டு போளி, மாமாவுக்கு ஒரு கிண்ணம் அவியல் என்று எத்தனை பேர் ஜன்னலில் வந்து கேட்டிருக்கிறார்கள்! யாருக்கு அவன் இல்லை என்று சொன்னான்? அன்றும் சொல்லவில்லை. சிவப்புப் பசுவின் முன்னால் பாயசத்தைத் தாராளமாகச் சாய்த்தான். அது ஒரு மூச்சில் முடித்துவிட்டு, அவன் கையையும் நக்கிற்று. ஆயுசு பூராவும் உப்பு போறாது, புளி அதிகம் என்று கேட்டே வளர்ந்தவனுக்கு அந்த நாக்கு எவ்வளவு இதமாக இருந்தது! மறுபடியும் சாய்த்தான். அப்புறம் இலை போட்டார்கள். அதையும் தின்றது.

மறுநாள் காலையில் பாதி மாடுகள் தலையைத் தொங்கவிட்டு நின்றன. சிவப்புப் பசு படுத்துவிட்டது. இடது வயிறு மத்தளம் போல் உப்பிக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தது. ஓய்வு சப் கமிட்டி எழுப்பிப் பார்த்தது. எழவில்லை. “இதுதான் உண்மையான ஓய்வு” என்று குறித்துக்கொண்டு போயிற்று. வெங்கிட்டு மழையில் ஓடி மாட்டு டாக்டர் பௌலோஸைக் கூட்டிவந்தான்.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், வாயை மோந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“ஆராணு இதுக்குப் பாயசம் கொடுத்தது?”

“சபை” என்றார் வாஞ்சிநாதன் பெருமையாக.

“எடோ, வண்டியில பட்டினி கிடந்து வந்த மாட்டுக்கு வெள்ளம் வேணும். வைக்கோல் வேணும். மேலே ஒரு கூரை. அப்புறம் அதை வெறுதே விடணும், ஆரும் தொடாம. அத்தரதான்! வெந்த அரியும் வெல்லமும் ஒட்டின வயித்துல போனா உள்ளே புளிச்சுப் பொங்கிடும். கொஞ்சம் தின்னது பிழைக்கும். இது ரொம்பத் தின்னுபோச்சு.”

சோடா உப்பு கரைத்துக் கொடுத்தார், எண்ணெய் புகட்டினார். ஒன்றும் எடுபடவில்லை. மத்தியானம் கன்றை வயிற்றில் வைத்துக்கொண்டே பசு செத்துப்போயிற்று. கம்பிக்கு வெளியே நின்றிருந்த பேச்சியம்மாளை அப்போதுதான் உள்ளே விட்டார்கள். விருந்தாளி என்ற அந்தஸ்து முடிந்துவிட்டதல்லவா! அவள் அழவில்லை. கொண்டுவந்திருந்த புதுக் கயிற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

வெங்கிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். கையைக் கழுவினான், வெல்ல வாசனை போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தான். அந்த நாக்கு பட்ட இடம் தனியாகத் தெரிந்தது. டாக்டர் சொன்னதில் அவன் காதில் ஒன்றே ஒன்றுதான் விழுந்திருந்தது. இது ரொம்பத் தின்னுபோச்சு. தின்றது மாடு, போட்டது யார்? தன் பாயசத்தை நக்கிச் சாப்பிடுகிறதே என்கிற மயக்கத்தில் இரண்டாவது தரம் சாய்த்தது யார்? கொன்றுவிட்டோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. அதை யாரிடமாவது சொல்லி நாலு வசவு வாங்கினால்தான் மூச்சு விட முடியும் போல் இருந்தது.

செத்த பசுவுக்காக அனுதாபக் கமிட்டி கூடிய அன்று நேரே உள்ளே போய் நின்றான்.

“நானாக்கும் மாட்டைக் கொன்னது. எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்கோ.”

ராமபத்ரய்யர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“உன்னை யாருடா கொல்லச் சொன்னா?”

“யாரும் சொல்லலை. கூடப் போட்டுட்டேன்.”

“சொல்றதைக் கேளு. நீ கொன்னேன்னு ஆச்சுன்னா, கொல்றதுக்கு உன்னை வேலைக்கு வெச்சது சபைன்னு ஆகும். அப்படி ஒரு தீர்மானம் நாங்க போடவே இல்லையே! தீர்மானம் போடாத காரியம் இந்தச் சபையில நடந்ததே கிடையாது. ஆகையால அது நடக்கலை.”

“டாக்டரும் சொன்னாரே, பாயசம்தான்னு.”

“டாக்டர் மாட்டோட வயித்தைத்தான் பார்த்தார். நாங்க மாட்டோட மனசைப் பார்த்தோம். எவ்வளவு திருப்தி அதுக்கு!”

லோகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சம்பந்தி நம்மகிட்ட வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போனார்னா நமக்கு அதைவிடப் பெருமை உண்டோ? நீ ஏண்டா வருத்தப்படறாய்? எங்களைப் பாரு, நாங்க வருத்தப்படறோமா?”

வாஞ்சிநாதன் எழுந்து, இறந்துபோன பசுவை ஆசுவாசமான மாடுகளின் கணக்கிலேயே சேர்த்துவிடலாம், இனி அதற்குக் களைப்பு வர வழியில்லை என்றார். ஏகமனதாக நிறைவேறிற்று. வெங்கிட்டுவைப் பாராட்டி ஒரு துண்டும் போர்த்தினார்கள். அடுத்த வாகன் ஆவணியில் வருகிறதென்றும், அதில் முதல் மாடு பேச்சியம்மாளுக்குத்தான் என்றும், உபசாரம் மட்டும் இந்தத் தடவைபோலவே குறைவில்லாமல் நடக்கவேண்டும் என்றும் தலைவர் சொல்லிவிட்டு எழுந்தார். குற்றம் செய்தவனுக்குத் துண்டு போர்த்தி அனுப்பினால் அவன் எங்கே போய் முட்டிக்கொள்வான்?

பேச்சியம்மாளிடம் போனான். சாயாக்கடைப் பின்புறத்தில் பாத்திரக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க சாமி. ஒங்களைத்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன். எனக்குக் கொடுத்து வைக்கல, விடுங்க. ஆனா அது பசியோட போவலல்லா! நாங் கேட்டதுக்கு மறுக்காம அள்ளிப் போட்டீயளே, கடைசியா வவுறு நெறஞ்சுல்லா போச்சு. ஒங்களை நான் மறக்க மாட்டேன் சாமி.”

கும்பிட்டாள். விரலிடுக்கெல்லாம் புண்.

வெங்கிட்டு திரும்பி நடந்தான். உண்மையைச் சொன்னால் இவள் போய்ச் சபை வாசலில் கத்துவாள், ராமபத்ரய்யர் அடுத்த மாட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார், அதனால்தான் சொல்லவில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் பாதி நிஜம். மீதி, கும்பிட்ட கை இறங்கி அந்த முகம் மாறுவதைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. கோழை. வேறு என்ன சொல்ல?

ஆவணி பிறந்தது. கல்யாண வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், அவன் போகவில்லை. வாகன் வரும் செய்தி வந்ததும் ராமபத்ரய்யரிடம் போய், தன்னால் முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

“தாராளமா. இடக்கொச்சியில ஒருத்தன் இருக்கான். அவன் இரட்டை வெல்லம் போடறவன்” என்றார் தலைவர்.

 தான் விலகினால் மாடு பிழைக்கும் என்றுதான் வெங்கிட்டு நினைத்திருந்தான். விலகினால் இன்னும் சீக்கிரம் சாகும். சமைக்கவும் கூடாது, சமைக்காமல் இருக்கவும் கூடாது. தலையைச் சொறிந்துகொண்டு நின்றவனுக்குச் சட்டென்று ஒன்று நினைவு வந்தது. போன தடவை அவன் வைத்த பாயசத்தைக் கமிட்டியில் ஒருவர்கூட நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

“நானே பண்றேன் சார். ஆனா ஒரு விஷயம். சம்பந்திக்கு மண்ணு வெல்லத்துல பாயசம் வெச்சா நாலு பேர் என்ன சொல்லுவா? அடைப் பிரதமனா பண்ணிடட்டுமா? தேங்காய்ப்பால், நெய், முந்திரி எல்லாம் போட்டு?”

ராமபத்ரய்யரின் கண் கொஞ்சம் விரிந்தது. “அதுவும் சரிதான். சம்பந்தின்னா சம்பந்திதானே!”

வாகன் வந்தது. நாதஸ்வரம், ஆலம், தொட்டி திறப்பு எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. வெங்கிட்டு எதையும் தலைதூக்கிப் பார்க்கவில்லை. அவன் தன் ஆயுசில் எந்த மாப்பிள்ளைக்கும் அப்படி ஒரு பிரதமன் வைத்ததில்லை. தேங்காய்ப்பாலைப் பதம் பார்த்துப் பார்த்து விட்டான். நெய்யில் முந்திரி பொரிந்த வாசனை கிடங்கில் மிஞ்சியிருந்த சுக்கு வாசனையை அடித்துத் தள்ளிக்கொண்டு பஜார் ரோட்டுக்கே போயிற்று. பகவானே, இவாளுக்கு நாக்கில் ஜலம் ஊறட்டும் என்று வேண்டிக்கொண்டே கிண்டினான்.

முதலில் வாஞ்சிநாதன் வந்தார். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார்.

“சம்பந்திக்கு முன்னால நாம சாப்பிடறது முறையில்லை” என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

வெங்கிட்டுவுக்குப் பகீரென்றது. முறை! இந்தப் பாழும் முறையில் எல்லாம் கவிழ்ந்துவிடுமோ?

“சாப்பிடறதா? யார் சாப்பிடச் சொன்னா சார்? ருசி பார்த்துப் பெரியவா உத்தரவு குடுத்தாத்தானே சம்பந்திக்குப் பரிமாற முடியும்? போன தடவை அந்த உத்தரவு வாங்காமப் போனதுலதான் எனக்கு மனசு சரியில்லை.”

வாஞ்சிநாதன் அதை ஒரு நிமிஷம் தீர்மானம்போல் ஆராய்ந்தார். பிறகு கிண்ணத்தை நீட்டினார். குடித்துவிட்டு, ஒரு ஆள் பார்த்தால் செல்லாது, இத்தனை பேர் என்ற கோரம் வேண்டும் என்று கமிட்டியைக் கூட்டிவந்தார். லோகாம்பாள் ஏலக்காய் ஸ்வல்பம் போறாதோ என்றாள். போட்டுக் கொடுத்தான். இப்போது தித்திப்பு முன்னே நிற்கிறதோ என்று ராமபத்ரய்யருக்குச் சந்தேகம். பால் விட்டுக் கொடுத்தான். பால் விட்டதில் ஏலக்காய் என்னவாயிற்று என்று பார்க்க வேண்டியிருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் ருசி சரியாகத் தெரியாதென்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகு இலை இல்லாமல் எப்படி? மாடுகளுக்கு வைத்திருந்த இலைகளைப் போட்டார்கள். ஓய்வு சப் கமிட்டி, மாடுகளை எழுப்பப் போன வழியில் பிரதமனைக் கேள்விப்பட்டு, போன காரியத்தை மறந்து திரும்பிவந்தது. ஒலிபெருக்கிக்காரனும் வந்து உட்கார்ந்தான். கிடங்கில் முதல் தடவையாகச் சத்தம் அடங்கியது.

மாடுகள் தொட்டியில் தண்ணீர் குடித்தன. வேறு ஒன்றும் வராததால், மூலையில் கிடந்த வைக்கோலை இழுத்துத் தின்றன. படுத்து அசை போட்டன. யாரும் எழுப்பவில்லை.

பிரதமன் உருளியின் அடி தெரிந்ததும்தான் ராமபத்ரய்யருக்கு விருந்தாளிகளின் ஞாபகம் வந்தது. வெங்கிட்டு உருளியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தக் கழுநீரைத் தொட்டியில் ஊற்றினான். தலைவர் ஏப்பம் விட்டுக்கொண்டு எழுந்து பேசினார்.

“நம்ம பிரதமன்ல ஒரு துளியாவது இந்த மாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கு. அதுகள் முகத்துல தெளிவைப் பாருங்கோ! போன தடவை நிறையக் குடுத்தோம், பலன் கம்மி. இந்தத் தடவை கம்மியாக் குடுத்தோம், பலன் நிறைய. இதுலேர்ந்து என்ன தெரியறது? சமையலோட தரத்தை உசத்தணும். அடுத்த தடவை பால் பாயசம்.”

ஒரு மாடும் சாகவில்லை. கொஞ்ச நாளில் எல்லாம் தேறிவிட்டன. பேச்சியம்மாளின் மாடு, கறுப்பும் சிவப்புமாய், தலையை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது. அவள் அதன் கழுத்தைத் தடவினாள், மடியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், தூணோரமாக நின்றிருந்த வெங்கிட்டுவைப் பார்த்தாள். விருந்தன்று அவள் பின்ஜன்னலில்தான் நின்றிருந்தாள்.

“ஏஞ் சாமி, ஒங்களைப் போயிப் பெரிய மனுசன்னு நெனச்சேனே! வாயில்லாச் சீவனுக்குன்னு ஆக்குனதை அந்தத் தொந்திக்காரனுவளுக்கு வாரி வாரி வச்சீயளே, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா? எம் மாடு வெறும் வைக்கோலக் கடிச்சிக்கிட்டு அவனுவ வாயப் பாத்துக்கிட்டு கெடந்துச்சு. அந்தச் செத்த மாட்டுக்கு முன்னால போயி நிக்கச் சொன்னா நிப்பீயளா? பாவி! நல்லா இருப்பீயளா நீங்க?”

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். வெங்கிட்டு கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். கமிட்டி முழுக்கக் கூடியும் அவனுக்குக் கொடுக்க மறுத்ததை இவள் ஒருத்தியாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காரணம் தப்பு. ஆனால் பாவி என்றது சரி. அவளை அதுவரை நீ என்றே பேசிவந்தவனுக்கு இப்போது அந்தச் சொல் வாயில் வரவில்லை.

“போறாது, பேச்சியம்மா. இன்னும் ஸ்வல்பம் திட்டிட்டுப் போங்கோ” என்றான்.

அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மாட்டுக்குப் பசிக்கும், வீட்டுக்குப் போய்ப் புல் போடவேண்டும் என்று ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.